கொதிநீரின் ஓரத்தில் குழாய் கட்டும் புழுக்கள்

பசிபிக் பெருங்கடலின் அடியில், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், கடல்தரை பிளந்து விலகிக்கொண்டே இருக்கும் மேடுகள் உண்டு. அங்கே இரண்டு வகை நீர் சந்திக்கிறது. ஒன்று, 2 டிகிரி செல்சியஸ் குளிரில் கிடக்கும் கடல்நீர். அதில் ஆக்சிஜன் இருக்கிறது. மற்றொன்று, பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, கீழே தேங்கியிருக்கும் எரிமலைக் குழம்பின் சூட்டில் வெந்து, இரும்பு, துத்தநாகம், செம்பு ஆகியவற்றோடு ஹைட்ரஜன் சல்பைடையும் சுமந்துகொண்டு மேலேறும் நீர். பெரிய புகைபோக்கிகளின் வாயில் அதன் வெப்பம் 350 டிகிரியை எட்டும். மேலிருந்து அழுத்தும் 250 வளிமண்டல அழுத்தம்தான் அதை ஆவியாக விடாமல் நீராகவே வைத்திருக்கிறது.

முதல் நீரில் மட்டும் இருந்தால் சாப்பாடு இல்லை. இரண்டாவது நீரில் மட்டும் இருந்தால் உயிர் இல்லை. இரண்டும் கலக்கும் குறுகிய இடத்தில்தான் பிழைப்பு. அந்த இடத்தில், எலும்பும் ஓடும் இல்லாத மெல்லுடல் புழுக்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. அவை தம் உடம்பிலிருந்தே சுரந்து கட்டிக்கொள்ளும் குழாய்களுக்குள் இருக்கின்றன. குழாயை எடுத்துவிட்டால் ரிஃப்டியா என்ற பெரிய புழு அங்கே நிமிர்ந்துகூட நிற்காது.

இந்தக் குழாயைப் பாதுகாப்புக் கவசம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். கவசத்தின் வேலை வெளியே இருப்பதைத் தடுப்பது. இந்தப் புழுக்களோ வெளியே இருக்கும் நஞ்சைத் தேடி வந்தவை. அந்தச் சல்பைடு இல்லையென்றால் அவை பட்டினி. நஞ்சை முழுக்கத் தடுக்கவும் கூடாது, முழுக்க விடவும் கூடாது. எந்த முனையைத் திறப்பது, எந்தப் பக்கத்தை அடைப்பது, எவ்வளவு நெருங்குவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது குழாய்தான். அதனால் அதை உடம்புக்கு வெளியே இருக்கும் ஓர் உறுப்பாகவே எண்ணுகிறேன். அப்படிப் பார்த்தால்தான் ஒரு புழு கைட்டினிலும் இன்னொன்று புரதத்திலும் மூன்றாவது சுண்ணாம்பிலும் குழாய் கட்டுவதன் காரணம் பிடிபடும். ஒன்று ஓரிரு ஆண்டுகளில் கட்டி முடிப்பதை மற்றொன்று இருநூறு ஆண்டுகள் இழுத்துக் கட்டுவதன் காரணமும் விளங்கும்.

1977ஆம் ஆண்டு பிப்ரவரியில், கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கி இறங்கியபோதுதான் இந்த உலகம் முதலில் கண்ணில் பட்டது. இறங்கியவர்கள் நிலவியலாளர்கள். உயிரினங்களைத் தேடிப் போகவில்லை, வெந்நீர் ஊற்றைத் தேடித்தான் போனார்கள். உயிரியலாளர் ஒருவரும் கப்பலில் இல்லாததால், அள்ளி வந்த உயிர்களைக் கெடாமல் வைக்கப் போதிய ரசாயனம் கிடையாது; கப்பலில் இருந்த வோட்காவில் சிலவற்றைப் போட்டு வைத்தார்கள். வெள்ளைக் குழாய்களின் நுனியில் சிவப்பு இறகுகளை நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரும் புழுவுக்கு, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மெரிடித் ஜோன்ஸ் ரிஃப்டியா பேக்கிப்டைலா என்று பெயரிட்டார். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்குச் சல்பைடும் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் கொடுத்து, அவை ஆக்கும் சத்தில் அது வாழ்கிறது என்பதை, அப்போது ஹார்வர்டில் மாணவியாக இருந்த கொலீன் கேவனா 1981இல் வெளியிட்டார். பாக்டீரியாவின் கதை புகழ்பெற்றுவிட்டது. குழாயின் கதைக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. பாரிஸில் ஃபிரான்சுவாஸ் கெய்யும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980களிலிருந்து பொறுமையாகச் செய்த ஆராய்ச்சிதான் நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி.

ரிஃப்டியாவின் குழாயைக் கிட்டத்தில் பார்ப்போம். நன்கு வளர்ந்த கூட்டத்தில் அது 2 மீட்டர் நீளம் போகும். குறுக்களவு நாலைந்து சென்டிமீட்டர். வெளிர் வெள்ளை நிறம். வளைந்து கொடுக்கும், ஆனால் கையால் கிழிக்க முடியாது. நுனிப்பக்கம் சுவர் மெல்லியது; கீழே போகப் போகத் தடிக்கிறது. உள்ளே இருக்கும் புழு நான்கு பகுதிகளால் ஆனது. தலையில் சிவப்பு இறகு. அதன் நடுவே உறுதியான ஓர் அடைப்பான். அதற்குக் கீழே, தோளைச் சுற்றிய சால்வையின் இடத்தில், தசைப்பற்றான ஒரு பட்டை. புழு குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்வது இதன் பலத்தில். பிறகு பாக்டீரியா நிறைந்த நீண்ட உடல். கடைசியில் சிறிய வாலுறுப்பு. அதில் வரிசையாக இருக்கும் கொக்கி முட்கள் குழாயின் அடிச்சுவரைக் கவ்விப் பிடிக்கின்றன. நண்டோ மீனோ இறகைக் கடிக்க வந்தால் புழு சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அடைப்பான் வாயை மூடிவிடும். அங்கே திரியும் பைதோகிரியா என்ற வெள்ளை நண்டுக்கு இந்த இறகு பிடித்த உணவு. ஆகவே கவசம் என்ற சொல்லுக்கும் இங்கே இடம் இருக்கிறது.

குழாய்ப்பொருள் பிறப்பது தோலில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில். பேரிக்காய் வடிவிலான இவை தசைப்பட்டையில் அதிகம். நடு உடலிலும் வாலுறுப்பிலும் உண்டு. மின்னணு நுண்ணோக்கியில் இவற்றை ஆராய்ந்தபோது, சுரப்பிக்குள் ஒவ்வொரு செல்லின் நுனியிலும் கிண்ண வடிவில் குழிந்த நுண்முனைகள் தெரிந்தன. அந்தக் கிண்ணங்களில்தான் கைட்டின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் படிகமாகி, நுண்ணிழையாக உருவாகிச் சுரப்பியின் வாய் வழியே வெளியேறுகின்றன. வேறிடத்தில் செய்து கொண்டுவந்து ஒட்டுவதில்லை. இழை பிறக்கும்போதே படிகமாகப் பிறக்கிறது.

கைட்டின் நமக்குப் புதிதல்ல. நண்டு ஓடும் இறால் தோலும் வண்டின் முதுகும் அதே பொருள். ஆனால் அவற்றில் இருப்பது ஆல்ஃபா கைட்டின். அதில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒன்று மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். குழாய்ப்புழுக்களில் இருப்பது பீட்டா கைட்டின். இதில் எல்லாச் சங்கிலிகளும் ஒரே திசையில் ஓடுகின்றன. கணவாயின் உட்தகட்டிலும் இதே வகைதான். ஆனால் குழாய்ப்புழுவின் படிகங்கள் அசாதாரணமாகப் பெரியவை. ரிஃப்டியாவில் ஒரு படிகத்தின் அகலம் சுமார் 50 நானோமீட்டர் வரை இருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான படிகம் கிடைப்பது அரிது என்பதால்தான் பீட்டா கைட்டினின் உள்ளமைப்பை ஆராய நினைத்த வேதியியலாளர்கள் 1960களிலேயே இந்த இனத்தின் உறவுக்காரப் புழுக்களின் குழாய்களை நாடினார்கள். கிண்ணம் பெரியது, அதனால் படிகமும் பெரியது என்பது கெய் குழுவினரின் விளக்கம். எளிமையான விளக்கம்தான், ஆனாலும் எனக்கு அது நிறைவளிக்கிறது.

இழை மட்டும் சுவராகாது. ரிஃப்டியாவின் குழாயில் கைட்டின் ஏறத்தாழ கால்பங்குதான். புரதம் அதைவிட அதிகம். கைட்டின் இழைகள் பட்டைகளாகச் சேர்ந்து ஒரு படலத்தில் ஒரு திசையில் படுகின்றன. அடுத்த படலத்தில் திசை மாறுகிறது. பிளைவுட் பலகையில் ஒரு தாளின் நாருக்குக் குறுக்கே அடுத்த தாளை வைத்து ஒட்டுகிற முறைதான் இது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒரு படலத்தின் இழைகள் அந்த இழுப்பைத் தாங்கும். ஒட்டுகிற வேலை புரதத்தினுடையது. அந்தப் புரதங்களில் ஒன்று பீட்டா கைட்டினைத் தேர்ந்து பற்றிக்கொள்கிறது என்பது 2001இல் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தது. எந்தக் கைட்டினோடும் ஒட்டிவிடும் பசை அல்ல, இந்தச் சுவருக்கென்றே அமைந்த பசை.

இப்படிக் கட்டிய சுவர் சல்பைடைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. அதாவது, ரிஃப்டியாவுக்கு நஞ்சு நுழைய ஒரே வாசல்தான்: இறகு. அங்கே அதன் ரத்தத்தில் காத்திருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஓரிடத்திலும் சல்பைடை வேறோரிடத்திலும் பற்றி, ஒன்றையொன்று கெடுக்காமல் பாக்டீரியாவிடம் சேர்க்கிறது. மற்ற உயிர்களின் மூச்சை நிறுத்தும் சல்பைடு இந்தக் காவலைத் தாண்டித்தான் உடம்புக்குள் போகவேண்டும். ஒன்றரை மீட்டர் நீள உடம்பின் தோல் முழுவதும் வாசலாக இருந்திருந்தால் இந்த ஏற்பாடு நடந்திருக்காது.

குழாய் எந்த முனையில் வளர்கிறது என்ற கேள்விக்கு, இரண்டிலும் என்பதே பதில். நுனியில் தசைப்பட்டையின் சுரப்பிகள் வளையம் வளையமாகச் சேர்த்து நீட்டுகின்றன. உடலின் சுரப்பிகள் உள்பக்கமாகப் படலம் பூசிச் சுவரைத் தடிப்பாக்குகின்றன. வாலுறுப்பு அடிப்பகுதியைக் கட்டுகிறது. இவ்வளவும் எந்த வேகத்தில் நடக்கிறது என்பதைத் தற்செயலாக ஓர் எரிமலைதான் காட்டிக்கொடுத்தது. 1991 ஏப்ரலில், கிழக்கு பசிபிக் மேட்டில் வட அட்சரேகை 9 பாகை 50 கலையில் கடலடி எரிமலை வெடித்து அங்கிருந்த எல்லாவற்றையும் மூடியது. ரிச்சர்ட் லட்ஸும் மற்றவர்களும் திரும்பத் திரும்ப அங்கே இறங்கிப் பார்த்தார்கள். 1992இல் டெவ்னியா என்ற சிறிய குழாய்ப்புழு முளைத்திருந்தது. 1993 டிசம்பரில் போனபோது ரிஃப்டியாவின் குழாய்கள் ஒன்றரை மீட்டருக்கு நின்றன. ஆண்டுக்கு 85 சென்டிமீட்டருக்கு மேல் என்று 1994இல் கணக்கு வெளியானது. கடல்வாழ் முதுகெலும்பற்ற உயிர்களில் இத்தனை வேகமான வளர்ச்சி அதுவரை பதிவானதில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊற்றுகள் நிலையானவை அல்ல. சில ஆண்டுகளில் அடைபடும், அல்லது அடுத்த வெடிப்பில் புதைந்துபோகும். அதே இடம் 2005-06 குளிர்காலத்தில் மீண்டும் புதைந்தது. 2025 ஏப்ரலில் இன்னொரு முறை. ஊற்று உயிரோடு இருக்கும் குறுகிய காலத்துக்குள் நிமிர்ந்து நின்று, இனம் பெருக்கி, முட்டைகளை நீரில் விட்டாகவேண்டும். பாக்டீரியா தரும் கரிமத்தைத் தயங்காமல் சுவரில் கொட்டும் புழுவுக்குத்தான் அங்கே இடம் கிடைக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் உண்டு, கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. இந்தச் செலவு சிறியதல்ல.

இனி பாம்பேய்ப் புழு. குழாய்களின் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது இதுதான். அல்வினெல்லா பொம்பெயானா என்ற பெயரில் 1980இல் இதை விவரித்தவர்கள் டேனியல் டெப்ருயேரும் லூசியன் லோபியேயும். ஒரு சாண்கூட இராது. ரிஃப்டியா வெதுவெதுப்பான நீர் கசியும் பாறையிடுக்குகளில் நிற்கிறது. இதுவோ நேராகப் புகைபோக்கியின் சுவரிலேயே குடியிருக்கிறது. வால் சுடுசுவரின் பக்கம், தலையும் செவுளும் குளிர்நீரின் பக்கம். மேலிருந்து கனிமத் துகள்கள் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கும்.

இதன் குழாய் கைட்டினை நம்பியிருக்கவில்லை. உடம்பின் அடிப்பக்கச் சுரப்பிகள் கசியவிடும் புரதப் பொருள் காகிதத்தோல் தடிப்பில் உறைகிறது. ஒரு படலம் உறைந்ததும் புழு உள்பக்கமாக அடுத்ததைப் பூசுகிறது. ஒவ்வொரு படலத்துக்குள்ளும் இழைகள் ஒரே திசையில். படலத்துக்குப் படலம் திசை வேறு. பொருள் வேறானாலும் ரிஃப்டியா கண்டுபிடித்த அதே அடுக்கு உத்தியை இதுவும் தனியாக அடைந்திருக்கிறது. ஆய்வகத்தில் கொதிநீரில் போட்டும் இது குலையவில்லை. சாதாரணமாகப் புரதத்தைச் செரிக்கும் நொதிகளுக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் வைத்தால் தெரிவது புழுவின் கைவேலை மட்டுமல்ல. படலங்களுக்கு இடையில் பாக்டீரியாக்கள் கிடக்கின்றன. உள்பக்கச் சுவரில் குடியேறியிருந்த பாக்டீரியாக்களின் மேலேயே புழு புதிய படலத்தைப் பூசிவிடுகிறது; அவை உள்ளே அகப்பட்டுக்கொள்கின்றன. தனிமக் கந்தகமும் குழாயில் கணிசமாகச் சேர்ந்திருக்கிறது. அதோடு, நானோமீட்டர் அளவில், துத்தநாகமும் இரும்பும் கலந்த சல்பைடுத் துகள்கள் வரிவரியாக அடுக்கியிருக்கின்றன. மகாலி ஸ்பிண்டனும் கெய்யும் அவர்களுடைய குழுவும் 2000களின் தொடக்கத்தில் இந்தத் துகள்களை வெளிச்சுவரிலிருந்து உள்சுவர்வரை படிப்படியாக ஆராய்ந்தார்கள். வெளிமுகத்தில் புகைபோக்கியின் கனிமங்கள் அப்பிக் கிடக்கின்றன. உள்ளே வர வர அவற்றின் அளவும் தன்மையும் மாறிவிடுகின்றன. ஒரு சில மில்லிமீட்டர் சுவருக்குள் ஒரு சூழல் முடிந்து வேறொரு சூழல் தொடங்குகிறது.

அப்படியானால் குழாயைக் கட்டுவது யார்? புழு என்று மட்டும் சொன்னால் போதாது என்பது என் எண்ணம். புழு பூசுகிறது, பாக்டீரியா குடியேறுகிறது, ஊற்றுநீர் கனிமத்தைப் படியவிட்டு இறுக்குகிறது. கட்டுமானத்தைத் தொடங்குவது உயிர், முடித்துவைப்பது வேதியியல். வட பசிபிக்கின் ஹுவான் டி ஃபூகா மேட்டில் பாரால்வினெல்லா சல்ஃபின்கோலா என்ற உறவுக்காரப் புழு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அது கட்டுவது வெறும் சளிக்குழாய், எளிதில் கரைந்துபோகக் கூடியது. ஆனால் புதிதாக முளைத்த புகைபோக்கியில் முதலில் குடியேறுவது அதுதான். அதன் சளியின் மேல் இரும்புச் சல்பைடு படிந்து ஓடாக இறுகுகிறது. சூடு சற்றே தணிந்த அந்த ஓட்டின் மேல் பிற்பாடு வேறு புழுக்கள் வந்து ஊன்றுகின்றன. புகைபோக்கி வளர்வதிலேயே புழுவுக்குப் பங்கு உண்டு.

பாம்பேய்ப் புழு எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது நெடுநாள் விவாதம். கிரெய்க் கேரியும் இரு கூட்டாளிகளும் 1998இல் குழாய்க்குள் வெப்பமானியைச் செருகி அளந்தார்கள். வால்பக்கம் சராசரி 68 டிகிரி, இடையிடையே 81ஐயும் தாண்டியது; தலைப்பக்கம் 22 டிகிரி. உலகின் மிகச் சூடு தாங்கும் விலங்கு என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது. 2013இல் ஜூலியட் ரவோ தலைமையிலான குழு வேறு வழியில் சோதித்தது. பெரிஸ்காப் என்ற கலத்தில், ஆழத்தின் அழுத்தம் குறையாமலே புழுக்களை உயிரோடு மேலே கொண்டுவந்து, அழுத்தம் காக்கும் தொட்டியில் வைத்துச் சூடேற்றினார்கள். 42 டிகிரியில் அவை பிழைத்தன. 50க்கும் 55க்கும் இடையில் வைத்தவை இறந்தன, திசுக்கள் சிதைந்திருந்தன.

இரண்டையும் பொய் என்று தள்ளவேண்டியதில்லை. ஒன்று குழாயின் வெப்பத்தை அளந்தது, மற்றொன்று புழுவின் தாங்குதிறனை அளந்தது. நான் 2013 முடிவின் பக்கம் நிற்கிறேன். அது சரியானால் குழாயின் மதிப்பு குறையாது, கூடும். சூட்டைத் தாங்குவது புழு அல்ல, அதன் சுவர். அந்தச் சுவருக்குள் குளிர்நீரை இழுத்துக் கலந்து, வாழக்கூடிய ஒரு நீரைப் புழு தானே தயாரித்துக்கொள்கிறது. குழாய்க்குள் இருந்து உறிஞ்சி எடுத்த நீரின் வேதியியலும் இதற்கு இசைகிறது. வெளியே வரும் ஊற்றுநீரைவிட அதில் அமிலம் குறைவு. தனியாகத் திரியும் சல்பைடு மிகச் சொற்பம். பெரும்பகுதி இரும்போடு சேர்ந்து கட்டுண்டுவிடுகிறது. கட்டுண்ட சல்பைடு திசுவைத் தாக்காது. உலோகநஞ்சையும் வாயுநஞ்சையும் ஒன்றோடொன்று கட்டிப்போடும் இடமாகக் குழாய் ஆகிவிடுகிறது.

ஊற்றுகளை விட்டுச் சற்று விலகி, மெக்சிகோ வளைகுடாவின் குளிர்க் கசிவுகளுக்குப் போனால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. அங்கே எண்ணெயும் மீத்தேனும் சேற்றின் வழியே மெதுவாகக் கசிகின்றன. வெப்பம் இல்லை, எரிமலை இல்லை, அவசரமும் இல்லை. ரிஃப்டியாவின் நெருங்கிய உறவான லாமெலிபிராக்கியா லுய்மெசி அங்கே வாழ்கிறது. அதன் வளர்ச்சியை அறிய சார்லஸ் ஃபிஷரின் குழு குழாய்களுக்குக் கடலடியிலேயே நீலச் சாயம் ஏற்றிவிட்டு வந்தது. அடுத்த முறை போகும்போது சாயம் படாத வெள்ளை நுனி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்தால் போதும். பெரிய குழாய்களில் அந்த வெள்ளை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொடவில்லை. 2 மீட்டர் குழாய் கட்ட 170 முதல் 250 ஆண்டுகள் என்று 2000ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் கணக்கிட்டார்கள். அதே வளைகுடாவின் இன்னும் ஆழத்தில் வாழும் எஸ்கார்பியா லாமினாட்டா என்ற இன்னொரு குழாய்ப்புழுவில் 300 ஆண்டுகளைக் கடந்தவையும் உண்டு என்று 2017இல் வந்த ஆய்வு சொல்லியது.

நீளத்தைவிட முக்கியமான வேறுபாடு அடியில் இருக்கிறது. ரிஃப்டியா மேலே வாய் திறந்து நஞ்சை இறகால் வாங்குகிறது. லாமெலிபிராக்கியாவைச் சுற்றியுள்ள நீரில் சல்பைடு கிட்டத்தட்ட இல்லை. சல்பைடு புதைந்திருப்பது சேற்றுக்குள். ஆகவே புழு தன் வாலையும் குழாயையும் சேற்றுக்குள் வேராக இறக்குகிறது. அந்த வேர்ப்பகுதியில் குழாய்ச் சுவர் மெலிந்து, சல்பைடை உள்ளே விடுகிறது. 1999இல் டேவிட் ஜூலியனும் மற்றவர்களும் ஆய்வகத்தில் இதை அளந்து காட்டினார்கள். ரிஃப்டியா அடைத்து வைத்த பக்கத்தையே லாமெலிபிராக்கியா திறந்துவைத்திருக்கிறது. எரிக் கார்டெஸும் சக ஆய்வாளர்களும் 2005இல் ஒரு படி மேலே போனார்கள்: புழு வேர் வழியே சல்பேட்டைச் சேற்றுக்குள் விடுகிறது, சேற்று நுண்ணுயிர்கள் அதைச் சல்பைடாக மாற்றித் திருப்பித் தருகின்றன, அதனால்தான் இத்தனை காலம் உணவு தீராமல் நீடிக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த மாதிரி. ஒரே குடும்பம், ஒரே கைட்டின், ஒரே வகைச் சுரப்பி. சுவரின் தடிப்பை எங்கே குறைப்பது என்ற ஒரு முடிவில் வாழ்க்கையே மாறிவிடுகிறது.

ஒரே இனத்துக்குள்ளும் இது நடக்கிறது. ஹுவான் டி ஃபூகாவின் ரிட்ஜியா பிசெசே என்ற குழாய்ப்புழு சூடான, வேகமாகப் பாயும் இடங்களில் குட்டையாகவும் தடிப்பாகவும் குழாய் கட்டுகிறது. மெல்லக் கசியும் இடங்களில் நீண்டு மெலிந்த குழாய் கட்டி, வேரும் இறக்குகிறது. தோற்றத்தைப் பார்த்து இவற்றை முதலில் வெவ்வேறு இனங்களாகப் பெயரிட்டிருந்தார்கள். ஈவ் சவுத்வர்டும் வெரேனா டனிக்லிஃபும் 1995இல் ஒரே இனம்தான் என்று நிறுவினார்கள். குழாயைக் கொண்டு இனம் பிரிப்பது எத்தனை ஆபத்து என்பதற்கு இது நல்ல சான்று. தொல்லுயிர் ஆய்வில் இது மறுபடி வரும்.

சுண்ணாம்புக் குழாய் கட்டும் செர்ப்புலிட் புழுக்களைப் பற்றி ஓரிரு வரி. ஊற்றுநீர் அமிலம் மிகுந்தது, சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அதனால் லாமினாட்யூபஸ் போன்றவை ஊற்றின் மையத்துக்கு வராமல் ஓரத்துப் பாறைகளில் மட்டும் ஒட்டியிருக்கின்றன. எங்கே வாழலாம் என்பதைக் குழாயின் பொருளே தீர்மானித்துவிட்டது.

கடந்த சில ஆண்டுகளில் மரபணுத் தொகுதிகள் கையில் கிடைத்திருக்கின்றன. 2019இல் லாமெலிபிராக்கியா, 2021இல் தென்சீனக் கடலின் பாரஎஸ்கார்பியா என்ற குழாய்ப்புழு, அதையொட்டி ரிஃப்டியா. பாரஎஸ்கார்பியாவில் கைட்டினைக் கோக்கும் நொதிகளின் மரபணுக்கள் பெருகியிருப்பதும், குழாய்ச் சுவரிலிருந்தே பிரித்தெடுத்த புரதங்கள் எந்த மரபணுக்களிலிருந்து வருகின்றன என்பதும் இப்போது தெரியும். இழை எப்படிப் பிறக்கிறது என்பது 1990களில் நுண்ணோக்கியால் தெரிந்தது. எந்த மரபணுவின் ஆணையில் பிறக்கிறது என்பது இன்று தெரிகிறது. ஆனால் சுரப்பியை விட்டு வெளியேறிய இழைகள் படலத்துக்குப் படலம் திசை மாறி அடுக்கப்படுவது எதனால் என்பதற்கு மரபணுப் பட்டியலில் விடை இல்லை. புழு குழாய்க்குள் புரள்வதாலா, இழைகள் தாமே நீர்ப்படிகம்போல் ஒழுங்காவதாலா என்ற இடத்தில்தான் இந்தத் துறைக்கு இனிச் செய்ய வேண்டிய வேலை அதிகம். உயிரோடு இருக்கும் சுரப்பியை, அழுத்தம் குறையாமல், சுரக்கும் கணத்திலேயே பார்க்கவேண்டியிருக்கிறது.

கடந்த காலத்தை நோக்கிய கேள்வியும் இன்னும் முடியவில்லை. ரஷ்யாவின் தெற்கு யூரல் மலையில் யமான் காசி என்ற செம்புச் சுரங்கத்தில், சுமார் 440 மில்லியன் ஆண்டுக்கு முந்தைய கடலடி ஊற்றின் படிவம் இருக்கிறது. அதில் பைரைட்டாக மாறிய குழாய்கள் அப்படியே நிற்கின்றன. கிரிஸ்பின் லிட்டிலும் மற்றவர்களும் 1997இல் இதை அறிவித்தார்கள். பார்வைக்கு அவை இன்றைய குழாய்ப்புழுக்களின் குழாய்கள்தான். ஆனால் மரபணுக்களை ஒப்பிட்டுக் காலம் கணித்தால் ரிஃப்டியாவின் குடும்பம் அத்தனை பழையதாக வரவில்லை. கடந்த நூறு மில்லியன் ஆண்டுகளுக்குள்ளேயே நிற்கிறது. மக்டலேனா ஜியார்ஜியேவாவும் அவருடன் ஆய்ந்தவர்களும் இன்றைய குழாய்களையும் பழைய குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுவரின் அடுக்கு, மேற்பரப்பின் வரி, கிளைத்தல் எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். யமான் காசியின் குழாய்களோடு சேர்ந்து நுண்ணுயிர் இழைகளும் கனிமமாகிக் கிடப்பதை 2018இல் காட்டினார்கள். அந்தக் குழாய்களைக் கட்டியது இன்றைய குடும்பத்தின் மூதாதை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஒரே வகை நீர் ஒரே வகைச் சுவரை வெவ்வேறு புழுக்களிடமிருந்து திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கலாம். ரிஃப்டியாவும் அல்வினெல்லாவும் வெவ்வேறு பொருளில் ஒரே அடுக்கை எட்டியிருப்பதும், ரிட்ஜியா ஒரே இனமாக இருந்தே இரண்டு வடிவம் எடுப்பதும் இந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன.

2023இல் ஷ்மிட் பெருங்கடல் நிறுவனத்தின் ஃபால்கர் (டூ) கப்பலிலிருந்து சுபாஸ்டியன் என்ற இயந்திர மூழ்கி, கிழக்கு பசிபிக் மேட்டில் எரிமலைப் பாறையின் மேலோட்டைப் பெயர்த்துப் பார்த்தது. மோனிகா பிரைட்டும் சபீன் கோல்னரும் நடத்திய ஆய்வு அது, 2024இல் வெளிவந்தது. கடல்தரைக்குக் கீழே, வெதுவெதுப்பான நீர் நிறைந்த குகைகளில், முழுதாக வளர்ந்த ரிஃப்டியா புழுக்கள் குழாய்களோடு இருந்தன. இளம் புழுக்கள் பிளவுகளின் வழியே இறங்கிப் பாறைக்குள் குடியேறியிருக்கலாம். அங்கே ஆக்சிஜன் எவ்வளவு, சல்பைடு எவ்வளவு, மேலே நிற்கும் குழாய்க்கும் கீழே கிடைக்கும் குழாய்க்கும் சுவரில் என்ன வேறுபாடு என்று விரிவாக அளக்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.